பழைய ஃபைபர் படகும் எஞ்சினும் வாங்க ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். கடலூர் முதுநகரில் வசிக்கும் நானும் அப்பாவும் தம்பியும் உப்பனாற்றுக் கழிமுகத்தில் வலை வீசுவதற்காக, பழைய ஃபைபர் படகு ஒன்றையும், அதிலுள்ள 9.9 குதிரைத்திறன் கொண்ட டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு (படகின் பின்புறம் வெளியே மாட்டும்) எஞ்சினையும் வாங்க எண்ணியுள்ளோம். படகின் அடிப்பகுதி உறுதியாகவே இருக்கிறது. ஆனால், எஞ்சின் மாட்டும் பின்பலகையைச் சுத்தியல் காம்பால் தட்டிப் பார்த்தபோது, போல்ட் துளைகளைச் சுற்றி மட்டும் மந்தமான ஓசை எழுந்தது. ஒரு துளையின் ஓரத்தில் பழுப்பு நீரும் கசிந்திருந்தது. உள்ளிருக்கும் பிளைவுட் ஊறி உளுத்திருக்கும் என்றே அஞ்சுகிறேன். ஓடும்போது பலகை பிளந்தால் எஞ்சினோடு ஆளுக்கும் ஆபத்து. பின்பலகையை மட்டும் மாற்றிக் கட்டினால் போதுமா, அல்லது இந்தப் படகையே விட்டுவிடலாமா? எஞ்சினில் குளிர்விக்கும் நீர் சீராகவே பீய்ச்சுகிறது. இருப்பினும், முன்பணம் கொடுப்பதற்கு முன் இரண்டு சிலிண்டர்களின் கம்ப்ரஷனையும் (உள்ளே உருவாகும் அழுத்தத்தையும்) அளந்து பார்க்கக்கூடிய மெக்கானிக் கடலூரிலோ புதுச்சேரியிலோ இருந்தால் தயவுசெய்து தெரிவியுங்கள்.