பறவை வேட்டைக்கு அரைத் தானியங்கித் துப்பாக்கி: மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தினரின் அனுபவங்கள்

பழத்தோட்டக்காரர், சுங்கை சிப்புட்

வணக்கம். அப்பா காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று என் பெயரில் உரிமத்தோடு இருக்கிறது. நாம் எல்லாரும் மலாய்ப் பெயரிலேயே ‘செனாப்பாங் பாத்தா’ என்று சொல்லும், நடுவில் மடக்கித் தோட்டா போடும் வகைதான் அது. அதற்கு மாற்றாக, சுட்டதும் அடுத்த தோட்டா தானே ஏறும் ஓர் அரைத் தானியங்கித் துப்பாக்கிக்கு விண்ணப்பிக்கலாமா என்று சில மாதங்களாக யோசித்து வருகிறேன். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் வழங்குவதும் மறுப்பதும் காவல்துறையின் பொறுப்பு. நம் வட்டாரத்தில் நான் கண்டவை பெரும்பாலும் பாத்தாக்களே என்பதால், கேட்டது கிடைக்கும் என்று நான் உறுதியாக நம்பவில்லை. ஆனாலும் கேட்பதற்கு முன் எதைக் கேட்கிறோம் என்பதாவது தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

அண்மையில் ஒரு சுடும் மன்றத்தில், அங்குள்ளவர்களின் கண்காணிப்பில், களிமண் தட்டுகளை இரண்டு வகைத் துப்பாக்கிகளால் சுட்டுப் பார்த்தேன். ஒன்று வாயு வகை. தோட்டா வெடிக்கும்போது எழும் வாயுவில் சிறிதளவு குழலிலுள்ள துளைகள் வழியாக இறங்கி, ஒரு பிஸ்டனைத் தள்ளி, தோட்டா அறையை மூடும் போல்ட்டைப் பின்னுக்கு ஓட்டி, வெற்றுக் கூட்டை வெளியே எறிந்து அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது. மற்றொன்றில் அத்தகைய துளைகளே இல்லை. துப்பாக்கி பின்னோக்கி உதைக்கும்போது கனமான போல்ட் இருந்த இடத்திலேயே நிற்க முயல்வதால் உள்ளே ஒரு சுருள்வில் அழுந்துகிறது. அது விரியும் விசையில் எல்லா வேலையும் நடந்துவிடுகிறது. வாயு வகை தோளில் மெத்தென்று இருந்தது. மற்றது 25 தோட்டாக்களுக்குப் பிறகு தன்னை நன்றாகவே நினைவூட்டியது. ஆனால் துடைக்கும்போது கதை தலைகீழானது: வாயு வகையின் முன்கட்டையைக் கழற்றியதும் துணி கரிச்சட்டி துடைத்த துணிபோல் ஆயிற்று; மற்றதில் கறை பட்டதாகவே தெரியவில்லை.

எனக்குத் தேவையானது காட்டுக்கோழிக்கும் புறாவுக்கும் ஏற்ற துப்பாக்கி. அதுவும் உரிமம் பெற்ற பிறகு, அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்குள். அனுபவம் உள்ளவர்கள் தாங்கள் கண்டதை எழுதினால் நன்றாக இருக்கும். எந்த நிறுவனம் சிறந்தது என்ற பட்டியலை நான் கேட்கவில்லை.

ஓய்வுபெற்ற கிராணி (தோட்ட எழுத்தர்), அதே ஊர்

தம்பி, அரைத் தானியங்கி நம் ஊருக்குப் புதியது என்று எண்ணிவிட வேண்டாம். 1948 ஜூன் 16ஆம் நாள் எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டு, அவசரகாலம் அறிவிக்கப்பட்ட பிறகு, தோட்டங்களில் துப்பாக்கி இல்லாத பங்களாவைக் காண்பது அரிதாகிவிட்டது என்று என் தகப்பனார் சொல்வார். அவர் பங்களாவில் வேலை பார்த்தவர். முதுகில் திமில் வைத்தாற்போன்ற ஒரு துப்பாக்கியை அங்கு வந்துபோன படையாட்களிடம் கண்டதாக அடிக்கடி சொல்வார். அது பிரவுனிங் ஆட்டோ-5ஆகத்தான் இருக்க வேண்டும் என்பதைப் பிற்பாடு புரிந்துகொண்டேன். மலாயாக் காடுகளில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்காரர்களோடு சில அடி தூரத்தில் திடீரென்று எதிரெதிரே நிற்க நேர்ந்த பிரிட்டிஷ் படையினர் பயன்படுத்திய துப்பாக்கிகளில் அதுவும் ஒன்று. ஜான் பிரவுனிங் 1900இல் காப்புரிமை பெற்ற அந்த அமைப்பு, பெல்ஜியத்திலும் பின்னர் ஜப்பானிலும் தயாரிக்கப்பட்டு, 1998 வரை நீடித்தது. நம் ஊரில் ஒரு தோட்டத்தின் ஆயுளைவிட நீண்ட ஆயுள் அது.

நான் அதைக் கையால் தொட்டது எழுபதுகளில். எங்கள் உதவித் துரை உரிமத்தோடு ஒன்று வைத்திருந்தார். அவர் புறா சுடப் போகும்போது பையைச் சுமந்து உடன் செல்வது நான். அந்தத் துப்பாக்கியில் சுட்டவுடன் குழலே போல்ட்டோடு சேர்ந்து பின்னால் ஓடிவரும். முதலில் குழல் தன் இடத்துக்குத் திரும்பும், அதன்பின் போல்ட் திரும்பும். அருகில் நிற்பவருக்கு ஒரு வெடியோடு இரண்டு ‘கடக்’ ஒலிகள் கேட்கும். இவ்வளவு கனம் முன்னும் பின்னும் ஓடுவதால், அந்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்தத் தோட்டாக் குழாயின்மேல் ஒரு சுருள்வில்லும், சரிவு வெட்டிய ஓர் இரும்பு வளையமும், குழாயைக் கவ்விப் பிடிக்கும் ஒரு வெண்கலத் துண்டும் உண்டு. கனத்த தோட்டாவுக்கு அந்த வளையம் வில்லுக்கும் வெண்கலத் துண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். இலேசான தோட்டாவுக்கு அதை எடுத்து வில்லின் அடிப்பக்கம், துப்பாக்கியின் உடலை ஒட்டிப் போட வேண்டும். இவ்வளவுதான் கணக்கு.

ஒரு முறை துரை இலேசான தோட்டாக்களுக்காக வளையத்தை அடியில் போட்டுவிட்டு, அடுத்த வாரம் கனத்த தோட்டாக்களை வாங்கி வந்து அப்படியே சுட்டார். நான்கைந்து வெடிகளுக்குப் பிறகு முன்கட்டையில் மயிரிழைபோல் ஒரு கோடு விழுந்திருந்ததை நான்தான் முதலில் பார்த்தேன். அன்றிரவு பங்களா வராந்தாவில் பழைய செய்தித்தாளை விரித்து, மண்ணெண்ணெய் தொட்ட துணியோடு அவர் ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தார். வளையம் கடைசியாக, வில்லுக்கு அடியிலிருந்து வந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. அந்த வளையத்தை மட்டும் விரலில் மாட்டிச் சிறிது நேரம் சுழற்றிக்கொண்டிருந்தார். மெருகு கலையாத வால்நட் மரக்கட்டை அது. பிறகு எந்தத் தச்சராலும் அதைப் பழையபடி ஆக்க முடியவில்லை.

இன்றைய துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றுக்கு இப்படி வளையம் மாற்றும் வேலை கிடையாது. ஆனாலும் ‘எந்தத் தோட்டா’ என்ற கேள்வி போய்விடவில்லை. ஆகவே முதலில் துப்பாக்கியைப் பார்க்காதீர்கள். உங்களுக்குத் தோட்டா விற்கும் கடையில் ஆண்டு முழுவதும் தட்டுப்பாடின்றி என்ன கிடைக்கிறது, 28 கிராம் ஈயமணியா, 32 கிராமா என்று கேட்டுவிட்டு, அதை உண்டு செரிக்கும் துப்பாக்கியைத் தேடுங்கள்.

பட்டறை வைத்திருப்பவர், சாலாக்

கிராணி ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். எனக்குத் தெரிந்தவரின் பழைய வாயு வகைத் துப்பாக்கி ஒன்று, சுட்ட கூட்டை வெளியே தள்ளாமல் பாதியில் கடித்துக்கொண்டு நின்றது. துப்பாக்கியே போய்விட்டது என்று அவர் முடிவு கட்டியிருந்தார். உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் அவர் கொண்டுபோனபோது நானும் கூடப் போனேன். பிஸ்டனுக்கு முன்னால் வாயு கசியாமல் அடைக்கும் ஒரு ரப்பர் வளையம் காய்ந்து பிளந்திருந்தது. மோட்டார் சைக்கிள் கார்புரேட்டரில் நாம் மாற்றும் வளையத்தைவிடப் பெரிய விஷயமில்லை. ஆனால் அந்த ரப்பர் இங்கே கிடைக்காமல், வரவழைக்க அவருக்கு ஆறு வாரம் ஆயிற்று. வாங்கும்போதே இரண்டு உபரி வளையங்களைக் கேட்டு வாங்குங்கள்.

துருவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊர் மழையில் நீலமேற்றிய இரும்புக் குழல் ஒரே இரவில் செம்மை காட்டும். உறையிலேயே போட்டுப் பூட்டி வைப்பவர்கள் ஈரத்தையும் சேர்த்துப் பூட்டுகிறார்கள். எண்ணெயைக் கொட்டினால் காப்பாற்றிவிடலாம் என்பதும் தவறு: போல்ட்டின் பின்புறமும் விசைப் பகுதியும் எண்ணெயில் ஊறினால், புகைக்கரியும் தூசும் ஒட்டி, மாவுபோல் குழைந்து இயக்கத்தை மந்தமாக்கும். துணியில் தொட்டுத் துடைக்கும் அளவே போதும்.

தட்டு சுடும் பயிற்சியில் இருப்பவர், ஈப்போ

நான் ஐந்தடி இரண்டு அங்குலம். கடையில் ‘பெண்களுக்கு 20 போர் போதும்’ என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். போர் என்பது குழலின் உள்ளளவு; 20 போர் 12 போரைவிடச் சிறியது. என் சிக்கல் போரில் இல்லை, கட்டையின் நீளத்தில் இருந்தது. தொழிற்சாலையிலிருந்து வரும் துப்பாக்கிகளில் விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரை ஏறத்தாழ 36.5 சென்டிமீட்டர் இருக்கும். அது நெடிய ஐரோப்பியரின் கைக்கு அளந்தது. நான் தோளில் ஏற்றும்போது பின்முனை என் அக்குளில் சிக்கும். அதற்குள் தட்டு பறந்து போயிருக்கும். காட்டுக்கோழி தட்டைவிடப் பொறுமைசாலி என்று நான் நினைக்கவில்லை.

கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் ஏற்றி, கன்னத்தைக் கட்டையில் பதித்து, பிறகு கண்ணைத் திறந்து பாருங்கள். குழலின் மேல்பட்டை ஒரு கோடாக, நுனியிலுள்ள மணி அதன் நடுவில் தெரிந்தால் அது உங்களுடையது. மேல்பட்டை ஏணிபோல் நீண்டு தெரிந்தால் கன்னம் உயரமாக இருக்கிறது. போல்ட்டின் முதுகு மட்டும் தெரிந்தால் தாழ்ந்திருக்கிறது. இப்போதைய அரைத் தானியங்கிகள் பலவற்றில் கட்டைக்கும் உடலுக்கும் இடையே செருகும் மெல்லிய தகடுகள் பெட்டியிலேயே வருகின்றன. அவற்றை மாற்றினால் உயரமும் பக்கச் சாய்வும் சரியாகும். பெட்டியைத் திறந்து அவற்றைக் கடைக்காரர் முன்னிலையிலேயே எண்ணிப் பார்த்துவிடுங்கள். இடது தோளில் சுடுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: வெற்றுக் கூடு வலப்பக்கம் தெறிக்கும், அதாவது அவர்கள் முகத்தின் குறுக்கே.

20 போர் தேர்ந்தெடுப்பவர்கள் அந்த மஞ்சள் தோட்டாவை 12 போர் தோட்டாக்களோடு ஒரே பையில் போடவே கூடாது. மஞ்சள் நிறமே அந்த எச்சரிக்கைக்காகத்தான். 20 போர் தோட்டா 12 போர் குழலுக்குள் வழுக்கிச் சென்று சிறிது தூரத்தில் சிக்கி நிற்கும். அறை காலியாகத் தெரியும். அதன் பின்னால் ஒரு 12 போர் தோட்டாவையும் ஏற்றிச் சுட்டால் குழல் வெடித்துவிடும், இடது கை அந்த இடத்தில்தான் இருக்கும். இரு வகையும் உள்ள வீட்டில் நான் பையைக் கொட்டிப் பார்க்காமல் கிளம்புவதில்லை.

லாரி உரிமையாளர், தாப்பா

சுருக்கமாக ஒன்று. பாத்தாவை மடக்கிக் கையில் தொங்கவிட்டால் அது காலி என்பது பத்தடி தள்ளி வருபவருக்கும் தெரியும். அரைத் தானியங்கி காலியா என்பது வைத்திருப்பவருக்கே சில வேளை தெரியாது. செம்பனைத் தோட்டத்துப் பாரிட் (வடிகால்) ஒன்றின்மேல் பலகை வழியாகக் கடக்கும் முன், என் நண்பர் குழாயிலிருந்த தோட்டாக்களை எல்லாம் எடுத்துவிட்டு ‘காலி’ என்றார். அறையிலிருந்த ஒன்றை மறந்துவிட்டார். பலகை வழுக்கியது, அவர் விழுந்தார், துப்பாக்கி வெடிக்கவில்லை. போல்ட்டை இழுத்தபோது அந்தச் சிவப்புத் தோட்டா சேற்றில் வந்து விழுந்ததை நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டே நின்றோம். அதற்குப் பிறகு அவர் போல்ட்டைத் திறந்து, விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்க்காமல் ஓர் அடி எடுத்து வைப்பதில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர், கோல கங்சார்

என் மருமகன் நியூசிலாந்தில் குடியேறியவர். அங்கே மே மாதத்தின் முதல் சனிக்கிழமை வாத்து வேட்டைப் பருவம் தொடங்கும். 2019இல் அந்நாட்டில் பெரும்பாலான அரைத் தானியங்கித் துப்பாக்கிகள் தடை செய்யப்பட்டபோதும், ஐந்து தோட்டாக்களுக்கு மேல் கொள்ளாத, கழற்ற முடியாத தோட்டாக் குழாய் உள்ள சன்னத் துப்பாக்கிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. மருமகனின் நேரடிக் கண்காணிப்பில், குளத்தோரத்துக் கீற்றுக் குடில் ஒன்றில், விடியற்காலைக் குளிரில் அமர்ந்திருந்தேன். துப்பாக்கி உதைப்பு விசையால் இயங்கும் வகை. வாத்துகள் கலையக் கூடாது என்று போல்ட்டைக் கையால் பிடித்து மெதுவாக, சத்தமில்லாமல் மூடினேன். நாகரிகமாகச் செய்ததாக எண்ணம். இரண்டு வாத்துகள் நேராக வந்தன. விசையை அழுத்தினேன், ‘டிக்’ என்று ஒரு சிறு ஒலி மட்டுமே வந்தது.

போல்ட்டின் தலை முழுதாகத் திரும்பிப் பூட்டிக்கொள்ளவில்லை. அந்த வகையில் போல்ட்டை விட்டுவிட வேண்டும், அது தானே அறைந்து மூட வேண்டும். துப்பாக்கியின் அடியைத் தரையில் தட்டி வைத்தாலும் போல்ட் சற்று விலகி இதே நிலை வரலாம். மருமகன் சிரித்தார், வாத்துகளும் சிரித்திருக்கும். புதரருகில் காட்டுக்கோழிக்காகச் சந்தடியின்றிக் காத்திருக்கும் நம் ஊர்ப் பழக்கத்துக்கு இந்த வகை ஒத்துவருமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். குறை துப்பாக்கியில் இல்லை, என் கையில்தான். ஆனால் நம்முள் பலருக்கு அதே கைதான்.

பழத்தோட்டக்காரர், சுங்கை சிப்புட்

எழுதிய அனைவருக்கும் நன்றி. வனவிலங்குத் துறை அலுவலகத்துக்குப் போய், 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளை வாங்கிப் பார்த்தேன். உரிமத்தோடு சுடக்கூடியவை ஒரு பட்டியலிலும், முழுப் பாதுகாப்புப் பெற்றவை மற்றொன்றிலும் இருக்கின்றன. இருட்டில் பறக்கும் உருவத்தைப் பார்த்து எந்தப் பட்டியல் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே மூன்றாவது, நான்காவது தோட்டாவுக்கான என் ஆசை பாதி அங்கேயே குறைந்தது.

மீதிப் பாதி ஞாயிற்றுக்கிழமை குறைந்தது. செம்பனைகள் 9 மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நடப்பட்டவை. கோழி எழுந்தால் இரண்டு மூன்று மரங்களுக்குள் மறைந்துவிடும். நாம் சுடுவது 18 முதல் 27 மீட்டருக்குள். குழல் நுனியை இறுக்கிய ‘ஃபுல் சோக்’ என்பது ஏறத்தாழ 36 மீட்டரில், 76 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் நூற்றுக்கு 70 ஈயமணிகளைச் சேர்ப்பதற்காக ஏற்பட்டது. என் உரிமம் அனுமதிக்கும் எல்லைக்குள், அப்பாவின் துப்பாக்கியாலேயே 25 எட்டு எடுத்து வைத்து, பெரிய மாஜோங் தாளைக் கட்டிச் சுட்டுப் பார்த்தேன். இறுக்கமான இடக் குழல் தாளின் நடுவில் சாப்பாட்டுத் தட்டளவு கிழித்து எறிந்துவிட்டது. அங்கே ஒரு கோழி இருந்திருந்தால் சமைக்க எதுவும் மிஞ்சியிருக்காது. தளர்ந்த வலக் குழலின் மணிகள் தாள் முழுவதும் சீராகப் பரவியிருந்தன. எனவே வாங்கினால் 26 அங்குலக் குழலும், மாற்றக்கூடிய சோக்கும், 28 கிராமைச் செரிக்கும் வாயு வகையும். மறுத்துவிட்டால் வலக் குழல் இருக்கவே இருக்கிறது.

கிராணி ஐயா, தாள்கள் இரண்டையும் சுருட்டி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை காலை கொண்டுவருகிறேன். இடக் குழலின் துளைகளை நீங்களே எண்ணுங்கள், எனக்கு இரண்டு முறையும் வேறு வேறு கணக்கு வருகிறது.