செவ்வந்தி புதராக நிற்கிறது, கார்த்திகை வந்தும் ஒரு மொட்டு இல்லை. என்ன செய்யலாம்?

மொட்டைமாடி, கோவை (நவம்பர் 29)
வணக்கம். போன மாசியில் தோழி வீட்டிலிருந்து மஞ்சள் செவ்வந்தி வேர்க்கன்றுகள் 5 கொண்டுவந்து மாடியில் தொட்டிகளில் வைத்தேன். ஜூலையில் இரண்டு முறை நுனி கிள்ளிவிட்டேன். இப்போது முழங்கால் உயரத்துக்குப் புதர் புதராக நிற்கிறது. இலை கரும்பச்சை, பூச்சி இல்லை. ஆனால் பூவும் இல்லை. தோழி வீட்டுத் தாய்ச்செடி ஐப்பசியிலேயே பூத்துவிட்டது. மண்புழு உரம், மீன் அமிலம், வாழைப்பழத் தோல் கரைசல் எல்லாம் கொடுத்தாயிற்று. தை கடைசியில் அம்மாவின் நினைவு நாள். அவர் படத்துக்கு வீட்டுச் செவ்வந்தியைக் கட்டிப்போட வேண்டும் என்று ஆசை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

விதைப்பெட்டி
செவ்வந்தி விதை போட்ட 2 மாதத்தில் பூத்துவிடுமே அக்கா. எங்கள் வீட்டில் ஆரஞ்சு நிறத்தில் ஆண்டு முழுக்கப் பூக்கிறது. பழைய செடியைப் பிடுங்கிவிட்டுப் புது விதை போடுங்கள்.

வேர்க்கன்று, திருச்சி
அக்கா, பிடுங்கிவிடாதீர்கள்! தம்பி சொல்வது துலுக்கச் சாமந்தி, அதாவது செண்டுமல்லி. தெற்கே கேந்தி என்பார்கள். அது விதையில் வந்து ஒரே பருவத்தில் முடிந்துவிடும். அக்கா கேட்பது வேறு செடி. எங்கள் ஊர் மலைக்கோட்டைச் சாமிக்குச் செவ்வந்திநாதர் என்றே பெயர் உண்டு, அந்தச் செவ்வந்தி. தமிழ்நாட்டில் பல இடங்களில் இதையே சாமந்தி என்கிறார்கள். தெலுங்கிலும் சாமந்திதான், கன்னடத்தில் சேவந்திகெ. டீ போடும் சீமைச்சாமந்தி மூன்றாவது ஒன்று. இந்தப் பெயர்க் குழப்பத்தால் நல்ல செடியைத் தூக்கிப்போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். இலையைப் பாருங்கள். இறகு மாதிரி பிரிந்து, தொட்டதும் நெடி அடித்தால் செண்டுமல்லி. அகலமாக, ஓரம் வெட்டுவெட்டாக, கசக்கினால் பச்சிலை வாசம் வந்தால் செவ்வந்தி. செவ்வந்தி பல ஆண்டு இருக்கும். பூ முடிந்தாலும் அடியில் வேர்க்கன்று விடும்.

மொட்டைமாடி, கோவை
அகலமான இலைதான், பச்சிலை வாசம்தான். நன்றி தம்பி. அப்படியென்றால் தழைச்சத்து கூடிவிட்டதா?

ராயக்கோட்டை விவசாயி
கொஞ்சம் கூடியிருக்கும்மா, மீன் அமிலத்தை நிறுத்துங்கள். ஆனால் அது மட்டும் காரணமாகத் தெரியவில்லை. ஒன்று கேட்கிறேன். ராத்திரியில் உங்கள் மாடியில் வெளிச்சம் விழுகிறதா? தெருவிளக்கு, பக்கத்து வீட்டு விளக்கு, ஏதாவது?

மொட்டைமாடி, கோவை
விழுகிறது ஐயா. எதிர்வீட்டில் கேமராவுக்காக ஒரு வெள்ளை விளக்கு மாட்டியிருக்கிறார்கள், விடிய விடிய எரியும். நீங்கள் கேட்ட பிறகு மேலே போய்ப் பார்த்தேன். நாலு தொட்டி அந்த வெளிச்சத்தில் பளிச்சென்று நிற்கிறது. ஐந்தாவது செடி மட்டும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருட்டில் இருக்கிறது. குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தால், அதன் நுனிகளில் மட்டும் மிளகு அளவுக்குப் பச்சைப் பொட்டுகள்! இத்தனை நாள் நான் கவனிக்கவே இல்லை.

ராயக்கோட்டை விவசாயி
அதுதாம்மா மொட்டு. காரணம் கிடைத்துவிட்டது. செவ்வந்தி ராத்திரியின் நீளத்தைப் பார்த்துத்தான் பூக்கும். நீண்ட இருட்டு வேண்டும், அதுவும் இடையில் அறுபடாமல் வேண்டும். ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடில்களில், செடி உயரமாக வளரட்டும், பூ தள்ளிப்போகட்டும் என்று நினைத்தால் நடு ராத்திரியில் சில மணி நேரம் விளக்குப் போடுவார்கள். அதற்கே செடி இலையை மட்டும் விட்டுக்கொண்டிருக்கும். உங்கள் எதிர்வீட்டு விளக்கு அந்த வேலையைத்தான் தெரியாமல் செய்திருக்கிறது.
நாலு தொட்டியையும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கொண்டுபோங்கள். பகலில் வெயில் குறைந்தது 5, 6 மணி நேரம் வேண்டும். அங்கே அவ்வளவு வெயில் இல்லையென்றால் தொட்டிகளை இருக்கிற இடத்திலேயே விட்டுவிட்டு, சாயங்காலம் 6 மணிக்குக் கெட்டியான அட்டைப்பெட்டியால் மூடி, காலை 7 மணிக்கு எடுங்கள். ஒருநாள் விடாமல் செய்யவேண்டும். நுனியை இனிமேல் கிள்ளவே கூடாது.

பள்ளி ஆசிரியை
ஐயா சொல்வதற்குப் பின்னால் நூறு வருஷப் பாடம் இருக்கிறது. பகல் நீளத்துக்கும் பூப்பதற்கும் உள்ள தொடர்பை 1920இல் கார்னர், அல்லார்ட் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் எழுதினார்கள். அவர்கள் முதலில் கவனித்தது கோடையில் பூக்காமல் உயர்ந்துகொண்டே போன ஒரு புகையிலை ரகத்தை. பகலைவிட இருட்டின் நீளம்தான் முக்கியம் என்பது பின்னால் தெளிவானது. செவ்வந்தியும் பகல் குறைந்து இரவு நீளும்போது பூக்கும் குறும்பகல் வகைதான். சிவப்பு வெளிச்சம் அந்த இருட்டைச் சுலபமாக முறித்துவிடும். அதனால் மாடியில் சிவப்பு சீரியல் பல்பு இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள்.

மொட்டைமாடி, கோவை (ஜனவரி 17)
எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்துகள். டிசம்பர் 1 முதல் இரண்டு தொட்டியை இடம் மாற்றினேன், இரண்டை அட்டைப்பெட்டியால் மூடினேன். 4 வாரத்தில் மொட்டு தெரிந்தது. இன்று காலை பார்த்தால் மொட்டுகள் பட்டாணி அளவில், நுனி பிளந்து மஞ்சள் கோடு தெரிகிறது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலேயே இருந்த செடி முழுக்கப் பூத்துவிட்டது. முதல் பூவைப் பறித்து அம்மா படத்துக்கு வைத்தேன். நினைவு நாளுக்குள் மாலையே கட்டிவிடலாம் என்று தோன்றுகிறது. எதிர்வீட்டு அண்ணனிடமும் சொன்னேன், விளக்கைத் தெருப்பக்கம் திருப்பிவிட்டார். ஒரு சந்தேகம் ஐயா, பூ முடிந்ததும் செடியை என்ன செய்வது?

ராயக்கோட்டை விவசாயி
ரொம்ப சந்தோஷம்மா. பூ ஓய்ந்ததும் மண்ணிலிருந்து 4 விரல் விட்டு வெட்டிவிடுங்கள். அடியில் கன்றுகள் கிளம்பும். வேரோடு பிரித்துத் தனித்தனியாக நடுங்கள், வெயில் காலத்தில் நிழலில் வைத்துக் காப்பாற்றுங்கள். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும், அதில் மட்டும் கவனம். ஆடி கடைசியோடு கிள்ளுவதை நிறுத்துங்கள். இரண்டு கன்றை அந்த எதிர்வீட்டு அண்ணனுக்கும் கொடுங்கள்.