மறு: மறு: ‘பாய் அத்திவாரம்’ வேண்டாம் தம்பி

தம்பி,

உயர்ந்த கட்டடங்களின் அத்திவாரம் பற்றி நீங்கள் மொழிபெயர்த்து நம் குழுவில் போடுகிற தொடரில் இதுவரை வந்த மூன்று பகுதியையும் நேற்று இரவு ஒரே இருப்பில் படித்து முடித்தேன். சன் பிரான்சிஸ்கோவில் 2013ல் வேலை தொடங்கி 2018ல் திறந்த சேல்ஸ்ஃபோர்ஸ் கோபுரத்தைப் பற்றி எழுதுகிற எல்லாரும் 61 மாடி, 326 மீற்றர் என்று அண்ணாந்து பார்த்துத்தான் எழுதுகிறார்கள், நீங்கள் குழிக்குள் இறங்கி நின்று எழுதுகிறீர்கள், அதுதான் எனக்குப் பிடித்தது. கட்டட வேலையில் இருபது வருசத்துக்கு மேல் வெயில் குடித்தவன் சொல்கிறேன், ஒரு கட்டடத்தின் நல்லது கெட்டது மண்ணுக்குள் போகிற அந்த முதல் வருசத்தில்தான் முடிவாகிறது. மூடி விட்டால் பிறகு ஒருத்தருக்கும் தெரியாது.

ஆனால் ‘mat foundation’ என்பதற்கு ‘பாய் அத்திவாரம்’ என்று வந்த இடத்தில் தொண்டையில் மீன்முள் குத்தின மாதிரி நின்று விட்டேன். பாய் என்றால் நமக்குப் பன்பாய். விரிப்போம், படுப்போம், விடிந்ததும் சுருட்டி மூலையில் சாத்துவோம். அந்தக் கோபுரத்துக்குக் கீழே கிடப்பது 14 அடித் தடிப்பான கொங்கிறீட். நாலு மீற்றரையும் தாண்டும், களுவாஞ்சிகுடியில் என் வீட்டு முகடே நிலத்திலிருந்து அவ்வளவு உயரம்தான். இங்கிலீசுக்காரன் அதைப் பாய் என்கிறான், சரி, அது அவன் பாடு. நாங்களும் அகராதியைத் திறந்து அதே சொல்லைத் தூக்கிப் போட்டால் சாதாரணதரம் படிக்கிற பிள்ளை ஏதோ மெல்லிய விரிப்பு என்றுதான் நினைக்கும்.

சொல் கட்ட முதல் அந்தச் சாமான் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். கோபுரத்தின் நடுவில் லிப்ட்டும் படிகளும் போகிற தடித்த சுவர்க்கூடு ஒன்று இருக்கிறது, நிலம் ஆடும்போது கட்டடத்தைப் பிடித்து நிறுத்துவது பெரும்பாலும் அதுதான். நிலம் ஒரு பக்கம் இழுக்கும், மேலே உள்ள பாரம் நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கும், அப்போது கூட்டின் ஒரு விளிம்பு கீழே குத்தும், எதிர் விளிம்பு கிளம்பப் பார்க்கும், அடுத்த நொடி அப்படியே மாறி நடக்கும். வயலில் உழவு மெசின் புதைந்தால் அதைத் தூக்குகிற ஜக்கை நேரே சேற்றிலா வைக்கிறோம்? வைத்தால் மெசின் எழும்பாது, ஜக்குத்தான் உள்ளே போகும். ஒரு பலகையைப் போட்டு அதன்மேல்தான் வைப்போம். அந்தப் பலகையின் வேலைதான் இதுவும். ஓரிடத்தில் குத்துகிற பாரத்தை வாங்கி அகலமாகப் பரப்புவது, கீழே மண்ணுக்குள் ஆழமாகத் தூண் மாதிரி இறங்கியிருக்கிற 42 முளைகளையும் சேர்த்துக் கட்டிப் பிடிப்பது, ஒன்று தனியே இறங்கவோ கிளம்பவோ விடாமல் வைத்திருப்பது. பலகை வளைந்தால் இதெல்லாம் நடக்காது. தடிப்பு அதற்குத்தான்.

இனித் ‘தெப்பம்’. இங்கிலீசில் இதற்கு ‘ராஃப்ட்’ என்றும் பேர் உண்டு, தெப்பம் என்று பொருள், அதனால் குழுவில் இரண்டு பேர் ‘தெப்ப அத்திவாரம்’ என்று கேட்டிருந்தார்கள். கேட்க வடிவாகத்தான் இருக்கிறது, திருவிழா ஞாபகமும் வருகிறது. அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. தோண்டி எடுத்த மண்ணின் பாரத்துக்கு ஈடாகக் கட்டடத்தின் பாரத்தில் ஒரு பங்கை வைத்தால் கீழே உள்ள களிமண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, தோணி மிதக்கிற கணக்குத்தான். மெக்சிக்கோ நகரத்தில் 1956ல் முடிந்த லத்தீனோஅமெரிக்கானா கோபுரம் பழைய ஏரிக் களியின்மேல் நிற்கிறது, முளைகளோடு இந்த மிதப்புக் கணக்கையும் சேர்த்துத்தான் அதற்கு அத்திவாரம் போட்டார்கள், அடுத்த வருசமே வந்த பூமியதிர்ச்சியில் பிழைத்தும் கொண்டது. அங்கே தெப்பம் பாதியாவது பொருந்தும். சன் பிரான்சிஸ்கோவில் பொருந்தாது. அங்கே முளைகள் நிரப்பு மண்ணையும் குடாச் சேற்றையும் தாண்டிக் கிட்டத்தட்ட 90 மீற்றர் ஆழத்தில் பாறையைப் பிடித்திருக்கின்றன. லொஸ் ஏஞ்சலிஸில் நிற்கிற வில்ஷயர் கிராண்ட் என்ற உயர்ந்த கட்டடத்துக்கு முளையே இல்லை, தட்டு நேரே பாறையில் குந்தியிருக்கிறது. இரண்டும் மிதக்கவில்லை.

அதோடு, சேல்ஸ்ஃபோர்ஸ் கோபுரத்துக்குக் கிட்டவே 58 மாடி மிலேனியம் டவர் நிற்கிறது, 2009ல் முடிந்தது. அதற்கும் இதே மாதிரித் தட்டும் அதன்கீழே 900க்கு மேல் முளைகளும் உண்டு, ஆனால் முளைகள் பாறைக்குப் போகாமல் நடுவில் உள்ள இறுகிய மணலோடு நின்று விட்டன. 2016 ஆகும்போது 16 அங்குலம் இறங்கிச் சாய்ந்தும் போனது. அந்த ஊரில் போய் அத்திவாரத்துக்குத் தெப்பம் என்று பெயர் சொன்னால் வீடு வாங்கினவர்கள் அடிக்க வருவார்கள்.

என்னுடைய முன்மொழிவு ‘அத்திவாரப் பீடம்’. சிலைக்குக் கீழே பீடம் இருக்கிறது, ஆட விடாது, பாரம் வாங்கும், தடிப்பாகவும் இருக்கும். அது வேண்டாம் என்றால் ‘அடிப்பலகை’. அதுவும் வேண்டாம் என்றால் தளம் முழுக்க ஒரே தட்டு என்பதால் ‘முழுத்தட்டு’. மூன்றாவது கொஞ்சம் சப்பென்று இருக்கிறது. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் கலைச்சொல் வேலையில் நின்றவர், நாங்களோ பக்கத்து ஊர்க்காரர் என்ற பேரை மட்டும் வைத்துக்கொண்டு இழுபடுகிறோம். குழுவில் இருக்கிற நம் சம்மாந்துறை அண்ணன், காக்கா, என்ன சொல்கிறார் பார்ப்போம்.

* * *

எல்லோருக்கும் ஸலாம், வணக்கம்.

களுவாஞ்சிகுடி அண்ணனின் மெசின் கதை நல்லா இருக்கிறது, அதை மொழிபெயர்ப்பிலேயே சேர்த்து விடலாம். ஆனால் பீடம் சரிவராது அண்ணன். இலங்கையில் பொறியியற் பீடம், கலைப் பீடம் என்று பல்கலைக்கழகம் முழுக்கப் பீடம்தான். “கோபுரம் பொறியியற் பீடத்தின் மேல் நிற்கிறது” என்று ஒரு பிள்ளை எழுதினால் நீங்கள்தான் பொறுப்பு. பீடம் என்றால் நிலத்துக்கு மேலே தெரிகிற சாமானும் கூட, இது புதைந்து கிடப்பது.

என் கட்சி முதலில் ‘ராஃப்ட்’ என்றே விடுவோம் என்பதுதான். எங்கள் மேசன்மார் அப்படித்தான் சொல்கிறார்கள், வயலை நிரப்பி வீடு கட்டுகிற இடங்களில் தூணுக்குத் தூண் தனி அடித்தளம், அதுதான் புட்டிங், போட்டால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இறங்கும் என்று பயந்து, காசு உள்ளவர்கள் முழுக்க ஒரே ஸ்லாப்பாகப் போடுகிறார்கள். ஆனால் வீட்டுக்காரருக்கு விளக்கும்போது அதே மேசன் என்ன சொல்கிறார் என்று யோசித்துப் பார்த்தேன். “தனித்தனியாக வேண்டாம், முழுசாகப் போடுவோம்” என்கிறார். சொல் அங்கேயே கிடக்கிறது. அண்ணன் சப்பென்று இருக்கிறது என்று தள்ளிய ‘முழுத்தட்டு’தான் சரி. தனிப் புட்டிங் அல்ல, முழுசு. அந்த வித்தியாசம் சொல்லுக்குள்ளேயே வந்து விடுகிறது. கீழே முளை இருந்தால் ‘முளைமேல் முழுத்தட்டு’, இல்லையென்றால் வெறும் முழுத்தட்டு. லொஸ் ஏஞ்சலிஸ், சன் பிரான்சிஸ்கோ இரண்டுக்கும் செல்லும்.

முழுசு என்பதற்கு இன்னொரு நியாயமும் உண்டு, வார்க்கிற விதம். வில்ஷயர் கிராண்டின் தட்டை 2014 பெப்ரவரி 15ஆம் திகதி தொடங்கிப் பதினெட்டு மணித்தியாலத்துக்கு மேல் நிறுத்தாமல் ஊற்றினார்கள், 16,200 கன மீற்றர் கொங்கிறீட், இரண்டாயிரத்துக்கு மேல் லொறி நடை, கின்னஸ் சாதனை என்று பதிந்தார்கள். ஏன் நிறுத்தவில்லை என்றால், பாதியில் நின்று முதல் போட்டது இறுகி விட்டால் அதன்மேல் போடுவது சரியாக ஒட்டாது. எனக்கு இது பட்டுத் தெரியும். ஒரு வீட்டுக் கூரை ஸ்லாப்புக்கு லொறி மூன்று மணித்தியாலம் பிந்தி வந்தது, பொருந்தின இடத்தில் இன்றைக்கும் மாரி மழைக்குத் தண்ணீர் கசிகிறது, வீட்டுக்காரர் என்னைக் கண்டால் முதலில் அந்த மூலையைத்தான் காட்டுவார். கூரைக்கே அப்படியென்றால் பூமியதிர்ச்சி வருகிற ஊரில் 335 மீற்றர்க் கட்டடத்தின் அடிக்கு எப்படி? அவ்வளவு தடித்த கொங்கிறீட் இறுகும்போது உள்ளே கொதிக்கும் என்பதையும் தம்பி ஒரு வரி எழுத வேண்டும். வெளித்தோல் ஆறி, உள்ளே சூடாகவே கிடந்தால் வெடிக்கும். அதற்காகக் கம்பிகளுக்கு நடுவே குழாய் ஓட்டிக் குளிர்ந்த தண்ணீர் விட்டார்கள். நாங்கள் ஸ்லாப்புக்கு மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிரப்புவோம், அவர்கள் வயிற்றுக்குள்ளேயே விட்டிருக்கிறார்கள்.

பாயை வீணாக்கவும் வேண்டாம். கம்பியைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி அடுக்கடுக்காக வைக்கிறார்களே, அதற்குக் ‘கம்பிப்பாய்’ என்று வையுங்கள். இழைத்தது மாதிரியே இருக்கும், ஒருத்தருக்கும் விளக்கத் தேவையில்லை.

* * *

அண்ணன், காக்கா, இரண்டு பேருக்கும் நன்றி.

கம்பிப்பாயை அப்படியே எடுத்துக்கொண்டேன். முழுத்தட்டில் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது, நம்முடைய ஆட்கள் மாடியையும் தட்டு என்பார்கள், “ரெண்டு தட்டு வீடு” என்கிற மாதிரி. 61 தட்டுக் கோபுரத்துக்கு ஒரு முழுத்தட்டு என்றால் குழம்பும். அதனால் முதல் தடவை வரும்போது ‘முழுத்தட்டு அத்திவாரம்’ என்று முழுதாக எழுதுவேன், அதற்குப் பிறகு முழுத்தட்டு மட்டும். கல்லடியில் பக்கத்து வீட்டில் வேலை செய்கிற மேசன் ஐயாவிடம் ஒன்றும் விளக்காமல் அந்தச் சொல்லை மட்டும் சொல்லிப் பார்த்தேன். “ஓ, ராஃப்டா” என்றார். அது போதும்.

மெசினும் ஜக்கும் நாலாம் பகுதியின் முதல் பந்தியில் வருகிறது, அண்ணன் பேர் போடவில்லை. தண்ணீர்க் குழாய் ஐந்தாம் பகுதிக்கு. முதல் மூன்று பகுதியிலும் பதினொரு இடத்தில் பாய் விரித்து வைத்திருக்கிறேன், இன்றைக்கு இரவு இருந்து எல்லாவற்றையும் சுருட்டி விடுகிறேன்.