பாலைவனத்தில் உருளப்போகும் பந்து ரோபோக்கள்: கொஞ்சம் யோசனை வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், பிளாக் ராக் பாலைவனத்தில் ஆகஸ்ட் கடைசியில் நடக்கும் பர்னிங் மேன் கலை விழாவுக்காக நாங்கள் மூன்று பேர் உருளும் ரோபோக்கள் செய்துகொண்டிருக்கிறோம். முக்கால் மீட்டர் விட்டமுள்ள அலுமினியக் கூண்டு, உள்ளே எல்இடி. யாராவது அருகில் வந்தால் நிறம் மாறி, மெதுவாக அவர் பின்னாலேயே உருண்டு போக வேண்டும், நாய்க்குட்டி மாதிரி.

நடு அச்சில் தொங்கும் பேட்டரிதான் ஊசல். மோட்டார் அதை முன்னே தூக்கினால் பந்து உருளும், பக்கவாட்டில் சாய்த்தால் திரும்பும். இதுவரை சரி. நிறுத்தும்போதுதான் வம்பு. ஊசல் ஆட, பந்தும் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே நிற்கிறது. ஜைரோ (சுழலும் வேகத்தை அளக்கும் சென்சார்) தரும் அளவை வைத்து மோட்டாரை எதிர்த்திசையில் இயக்கிப் பார்த்தோம், ஆட்டம் கூடிவிட்டது! தாமதம் மென்பொருளிலா, கியரின் தளர்விலா? இதை அனுபவத்தில் சரிசெய்தவர்கள் சொல்லுங்கள்.

அப்புறம் தூசி. அங்கே இருப்பது மணல் அல்ல, வற்றிய ஏரியின் காரத்தன்மையுள்ள மாவு. உலோகத்தை அரிக்கும், பேரிங்கில் புகும். எல்லாவற்றையும் பெட்டியில் அடைத்தால் பகல் வெயிலில் மோட்டார் கன்ட்ரோலர் கொதிக்கிறது. பெட்டியின் சுவரையே வெப்பம் கடத்தும் தகடாக்கலாமா?

சான் பிரான்சிஸ்கோ பக்கம் இருப்பவர்கள் சனிக்கிழமை எங்கள் கராஜுக்கே வரலாம். காபி உண்டு.