புதுப்பிப்பு: படிக்காத கட்டுரைகளும் பதில் வராத மின்னஞ்சல்களும்

ஆய்வேட்டுக்காக இறக்கி வைத்த கட்டுரைகளைப் படித்து முடிக்க முடியவில்லை, நெறியாளரும் மின்னஞ்சலுக்குப் பதில் போடுவதில்லை, தனிமையாகவும் இருக்கிறது என்று இந்த இழையில் முன்பு எழுதியிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போது நிலைமை நிறையவே மாறியிருக்கிறது.

பெரிய உதவி, ஒருவர் சொன்ன மூன்று சுற்று வாசிப்புதான். கணினி அறிவியல் பேராசிரியர் எஸ். கேசவ் 2007இல் எழுதிய முறை அது. முதல் சுற்றில் தலைப்பு, சுருக்கம், முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை மட்டும். 5 முதல் 10 நிமிடம் போதும். தேவைப்பட்டால்தான் இரண்டாம் சுற்று, படங்களையும் வரைபடங்களையும் கவனித்து ஒரு மணி நேரம் வரை. மூன்றாவது, கட்டுரையை நாமே எழுதுவதாக நினைத்து ஒவ்வொரு அனுமானத்தையும் கேள்வி கேட்பது. புதியவர்களுக்கு அதற்கு மணிக்கணக்கில் ஆகும். என் குவியலில் பெரும்பாலானவை முதல் சுற்றோடு நின்றுவிட்டன. எதைப் படிக்க வேண்டாம் என்று தெரிவதில் இவ்வளவு நிம்மதி இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை! குறிப்புகளை ஜோட்டீரோவில் அந்தந்தக் கட்டுரையோடு சேர்த்தே வைக்கிறேன். இலவச மென்பொருள், மேற்கோள் பட்டியலையும் அதுவே போட்டுவிடும்.

நெறியாளர் விஷயம்: நீண்ட மின்னஞ்சலை விட்டுவிட்டு, ஒரே கேள்வி, எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும் என்று சுருக்கமாக அனுப்பினேன். மறுநாளே பதில் வந்தது. அப்புறம் மாதம் ஒருமுறை சந்திக்கவும் ஒப்புக்கொண்டார்.

தனிமை மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்காக, சக மாணவர்கள் சிலரோடு வாரம் ஒருமுறை சேர்ந்து உட்கார்ந்து எழுத ஆரம்பித்திருக்கிறோம்.