வீட்டில் கட்டிய துப்பாக்கிக்கு சீரியல் நம்பர்: அமெரிக்காவில் யார், எப்போது, எப்படிப் பொறிக்க வேண்டும்? (அனுபவப் பகிர்வு)

கடைக்காரர், அரிசோனா

கவுன்ட்டருக்கு வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "நானே கட்டினதுக்கு நம்பர் போட்டே ஆகணுமா?" என்பதுதான். மத்தியச் சட்டத்தை மட்டும் பார்த்தால், சொந்த உபயோகத்துக்குக் கட்டுகிறவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் அந்தக் கடமையை உரிமம் பெற்ற தயாரிப்பாளர், இறக்குமதியாளர் மேல்தான் வைத்திருக்கிறது. இந்த ஒரு வரியைப் படித்துவிட்டு மீதியை விட்டுவிடுகிறவர்கள்தான் சிக்கிக்கொள்கிறார்கள்.

மீதி இதுதான். துப்பாக்கி வைத்திருக்கச் சட்டப்படி தடை உள்ளவர் அதைக் கட்டி வைத்திருக்கவும் முடியாது. விற்கும் தொழிலுக்காகக் கட்டினால் உரிமம் வேண்டும். மாநிலச் சட்டம் தனி. சப்ரஸர் (ஒலியடக்கி), குட்டைக்குழல் ரைஃபிள் போன்றவற்றுக்கு 1934ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டம் தனி. கடைசியாக, அந்தத் துப்பாக்கி என் மாதிரி உரிமக் கடைக்குள் ஓர் இரவு தங்கினாலே நிலைமை மாறிவிடும்.

2022 ஆகஸ்ட் 24 முதல் நடைமுறையில் இருக்கும் ஏடிஎஃப் (துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பு) விதி இது. தனியார் கட்டிய, நம்பர் இல்லாத துப்பாக்கியை நான் கணக்கில் எடுத்தால், ஏழு நாளுக்குள், அல்லது அதற்கு முன்பே கைமாற்றினால் அதற்கு முன், நம்பர் பொறித்தாக வேண்டும். விற்பனைக்கு வாங்கினாலும் அடகுக்கு எடுத்தாலும் இதே கதைதான். ரிப்பேருக்கு வந்தது அன்றைக்கே அதே ஆளிடம் திரும்பிப் போனால் தேவையில்லை. ட்ரிக்கர் சரிசெய்யக் கொடுத்துவிட்டு "நாளைக்கு வாங்கிக்கறேன்" என்று கிளம்புகிறவரை அதனால்தான் நிறுத்தி விளக்க வேண்டியிருக்கிறது.

நான் போடும் நம்பர் என் உரிம எண்ணின் முதல் மூன்று, கடைசி ஐந்து இலக்கங்களோடு தொடங்கும். பிறகு ஒரு சிறு கோடு. அதன் பின் தனி எண். நீங்களே முன்கூட்டி ஒழுங்கான அளவில் ஓர் எண் பொறித்திருந்தால் அதை அழிக்க வேண்டாம். அதற்கு முன்னால் என் எட்டு இலக்கத்தைச் சேர்த்தால் போதும். ஆகவே நீங்களாகப் பொறிப்பவர்கள் எண்ணுக்கு இடப்பக்கம் ஒரு அங்குலமாவது காலி விடுங்கள். பலர் எண்ணை ஓரத்தில் ஒட்டிப் பொறித்துவிட்டு வருகிறார்கள், முன்னொட்டுக்கு இடமே இருப்பதில்லை.

செதுக்கல் பட்டறை, ஓஹாயோ

அண்ணன் "ஒழுங்கான அளவு" என்றது இது: ஆழம் குறைந்தது 0.003 அங்குலம், எழுத்து உயரம் குறைந்தது 1/16 அங்குலம், அதாவது சுமார் 1.6 மி.மீ. உரிமம் உள்ளவர்களுக்கு 2002 ஜனவரி 30 முதல் இதுதான் அளவு. 0.003 என்பது சாதாரண ஜெராக்ஸ் தாளின் கனத்தைவிடக் கொஞ்சம் குறைவு. அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் கையில் வரும் வேலைகளில் அதிகம் தவறுவது இந்த ஆழத்தில்தான்.

அலுமினிய ரிசீவரில் (துப்பாக்கியின் மைய உடல்) கடின அனோடைசிங் என்ற பூச்சு 0.002 அங்குலம் அளவுக்கு இருக்கும். குறைந்த சக்தி லேசரை ஒரே தடவை ஓட்டினால் கறுப்புப் பூச்சு மட்டும் போய், எழுத்து வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். பார்க்க அழகு. விரல் நகத்தால் தடவினால் பள்ளமே இருக்காது. ஃபைபர் லேசரைப் பல தடவை ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் சிஎன்சியில் (கணினி இயக்கும் வெட்டு மெஷின்) கூர் கட்டரை வைத்து வெட்ட வேண்டும். ஊசி முனை வைத்த டயல் இண்டிகேட்டரால் ஓர் எழுத்தின் அடியையும் பக்கத்து மேற்பரப்பையும் அளந்து கழியுங்கள். 0.003 வருமாறு குறிவைக்காதீர்கள், 0.005 வைத்துக்கொள்ளுங்கள். மேலே செராகோட் (பீங்கான் கலந்த பூச்சு) அடித்தால் ஏறக்குறைய 0.001 அங்குலப் பூச்சு பள்ளத்துக்குள்ளும் இறங்கி, சிறிய எழுத்துகளின் உள்வளைவை அடைத்துவிடும்.

சுத்தியலால் அடிக்கும் அச்சு எஃகில் நன்றாக வரும். மெல்லிய அலுமினியச் சுவரில் அடித்தால் பள்ளத்தைச் சுற்றி உலோகம் பிதுங்கி மேடாகும். ஆழத்தை அந்த மேட்டிலிருந்து அளக்கக் கூடாது, சமமான மேற்பரப்பிலிருந்துதான் அளக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. மேகஸின் (தோட்டாப் பெட்டி) குழிச் சுவரில் அடித்தால் உள்பக்கம் வீங்கி மேகஸின் சிக்கும். கையில் பிடிக்கும் அதிர்வுப் பேனா கருவிகளில் பெயர் கீறப் போதும், 1/16 அங்குலத்தில் 8ஐயும் 3ஐயும் பிரித்துக் காட்டாது.

பாலிமர் (பிளாஸ்டிக்) ஃப்ரேமில், அதாவது கைத்துப்பாக்கியின் உடற்கூட்டில், நேரடியாகப் பொறிக்காதீர்கள். உலோகத் தகடு ஒன்று நிரந்தரமாகப் பதிந்திருக்க வேண்டும், எண் அதன் மேல் வர வேண்டும். எபாக்ஸியால் மேலாக ஒட்டிய தகடு எண்ணெயும் கரைப்பானும் பட்டதும் உரிந்து வரும். அதை நிரந்தரம் என்று யாரும் ஏற்க மாட்டார்கள்.

எண்ணில் ரோமன் எழுத்தும் எண்களும் சேர்ந்து வரலாம், எண்கள் மட்டும் வரலாம், சிறு கோடு வரலாம். எழுத்து மட்டும் என்றால் செல்லாது. ஓ எழுத்தையும் ஐ எழுத்தையும் தவிர்த்துவிடுங்கள், பூஜ்யம் ஒன்றோடு குழம்பும். பெயரின் முதலெழுத்து, ஆண்டு, வரிசை எண் என்று வைத்துக்கொண்டால் ஒருபோதும் இரட்டிக்காது. முழுசாகப் பூட்டிய பிறகும் வெறும் கண்ணுக்குத் தெரியும் இடமாக இருக்க வேண்டும்; கைப்பிடிக்குள் ஒளிந்த இடம் ஆகாது.

ஃபார்ம் 1 வேலை பார்க்கிறவர், டெக்சாஸ்

குட்டைக்குழல் ரைஃபிளோ சப்ரஸரோ கட்டுகிறவர்களுக்கு மேலே சொன்ன "கட்டாயம் இல்லை" பொருந்தாது. இங்கே நம்பர் கட்டாயம். ஒப்புதல் கைக்கு வந்த பிறகுதான் கட்டவே தொடங்கலாம். அந்த ஒப்புதலுக்கு ஏடிஎஃப்பிடம் கொடுக்க வேண்டியவை: ஃபார்ம் 1 விண்ணப்பம், விரல்ரேகை, புகைப்படம், உள்ளூர் தலைமைக் காவல் அதிகாரிக்கு ஒரு நகல். 200 டாலர் வரி 2026 ஜனவரி 1 முதல் சப்ரஸர், குட்டைக்குழல் ரைஃபிள், குட்டைக்குழல் ஷாட்கன் ஆகியவற்றுக்குப் பூஜ்யமாகிவிட்டது. வரி போனதே தவிர விண்ணப்பமும் பொறித்தலும் போகவில்லை. "இனிமேல் ஃப்ரீதானே" என்று கேட்கிறவர்களுக்கு இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பொறிக்க வேண்டியவை: கட்டியவர் பெயர், ஊர், மாநிலம், காலிபர் (தோட்டா அளவு), மாடல் வைத்திருந்தால் மாடல், சீரியல் நம்பர். ட்ரஸ்ட் (அறக்கட்டளை) பெயரில் விண்ணப்பித்தால் ட்ரஸ்ட்டின் பெயர்தான் வர வேண்டும், உங்கள் பெயர் அல்ல. ட்ரஸ்ட் எழுதும்போதே பெயரைச் சின்னதாக வையுங்கள்! "இன்னார் குடும்ப வாழ்நாள் மாற்றத்தக்க அறக்கட்டளை" என்று நீட்டினால் ஒன்றரை அங்குலக் குழாயைச் சுற்றி 1/16 அங்குல எழுத்தில் சுற்றிச் சுற்றி ஓட வேண்டும்.

கடையில் வாங்கிய ரிசீவரைக் குட்டைக்குழலாக மாற்றினால் தொழிற்சாலை நம்பரே போதும். புது நம்பர் கண்டுபிடிக்காதீர்கள், விண்ணப்பத்தில் பழையதையே எழுதுங்கள். பெயர், ஊர், மாநிலம் மட்டும் கூடுதலாகப் பொறிக்க வேண்டும். சப்ரஸரில் எண் வெளிக்குழாயில் வரும்; கழன்று மாறக்கூடிய முனை மூடியில் அல்ல.

படிவத்தில் ஒன்று, உலோகத்தில் இன்னொன்று என்று எண் மாறிப்போவதும் நடக்கிறது. ஒப்புதல் படிவத்தை அச்செடுத்து, அதைப் பார்த்து இன்னொருவர் ஒவ்வொரு எழுத்தாக வாசிக்க, மெஷினில் ஏற்றிய கோப்பைச் சரிபாருங்கள். தப்பாகப் பொறித்ததை மணல்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். நம்பரை அழித்த, மாற்றிய துப்பாக்கியை வைத்திருப்பதே மத்தியக் குற்றம், ஐந்து ஆண்டு வரை சிறை. தேசியத் துப்பாக்கிச் சட்டத்தின் கீழ் வருவதற்குப் பத்து ஆண்டு வரை போகும். முதலில் ஏடிஎஃப்புக்கு எழுதிக் கேளுங்கள்.

கலிபோர்னியாவில் இருப்பவர்

எங்கள் பக்கம் வரிசையே தலைகீழ். 2018 ஜூலை 1 முதல், கட்டுவதற்கு முன்பே மாநில நீதித்துறையிடம் எண் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். அவர்கள் பின்னணி சரிபார்த்து எண் தருவார்கள். கட்டி முடித்த பத்து நாளுக்குள் அதைப் பொறிக்க வேண்டும். நீங்களே யோசித்த எண் இங்கே செல்லாது. பாலிமர் என்றால் 3.7 அவுன்ஸ் 17-4 பிஎச் துருப்பிடிக்காத எஃகு உள்ளே பதிந்திருக்க வேண்டும். மெட்டல் டிடெக்டரில் தெரிய வேண்டும் என்ற 1988ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்திலும் அதே எடைதான் அளவுகோல். அப்படிக் கட்டியதை இங்கே விற்கவோ கைமாற்றவோ முடியாது. 2022இல் வந்த ஏபி 1621 என்ற மாநிலச் சட்டம் பாதி முடித்த ஃப்ரேம்களையும் இறுக்கிவிட்டது. அரிசோனாவிலிருந்து வீடு மாறி வருகிறவர்கள் நம்பர் இல்லாததைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவருவதற்கு முன் இங்குள்ள வக்கீலிடம் பேசிவிட வேண்டும்.

கனெக்டிகட்டும் 2019 அக்டோபர் 1 முதல் மாநிலத்திடமே எண் வாங்கச் சொல்கிறது. கொலராடோ 2024 ஜனவரி 1க்குள் உரிமக் கடையில் பொறித்து முடிக்கச் சொன்னது. நியூஜெர்சியில் நம்பர் இல்லாமல் கட்டும் வாசல் 2018 முதலே மூடியாயிற்று. பழைய இணையக் கட்டுரையை நம்பி மாநில எல்லையைத் தாண்டாதீர்கள், சட்டத்தின் தேதியைப் பாருங்கள்.

கடைக்காரர், அரிசோனா

கிட் (வீட்டில் பூட்டிக்கொள்ளும் பாகத் தொகுப்பு) வாங்குகிறவர்களுக்கு ஒன்று சேர்க்கிறேன். 2025 மார்ச் 26 அன்று உச்ச நீதிமன்றம் வான்டர்ஸ்டாக் வழக்கில் 7-2 என்று 2022ஆம் ஆண்டின் விதியை நிலைநிறுத்தியது. தீர்ப்பு நீதிபதி கோர்சச் எழுதியது. எளிதில் துப்பாக்கியாகக் கூடிய கிட் விற்பவர் உரிமத்தோடு, நம்பரோடு, பின்னணிச் சரிபார்ப்போடுதான் விற்க வேண்டும். அப்படி வந்த ஃப்ரேமில் நம்பர் ஏற்கெனவே இருக்கும், அதைத் தொடாதீர்கள்.

நம் ஆட்களுக்குத் தனியாக: எச்-1பி, எஃப்-1 போன்ற விசாவில் இருந்தால் துப்பாக்கி வைத்திருக்கவே பொதுவாகத் தடை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. கிரீன் கார்டு வந்த பிறகு அந்தத் தடை இல்லை. ஊரில் கட்டலாமா என்று கேட்கிறவர்களுக்கு: இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வதே குற்றம். அங்கே நம்பர் பற்றிய பேச்சுக்கே இடமில்லை.

செதுக்கல் பட்டறை, ஓஹாயோ

1968க்கு முந்தைய .22 ரைஃபிள், ஷாட்கன் பலவற்றில் தொழிற்சாலையே நம்பர் போட்டிருக்காது. அது சட்டபூர்வம்தான். அதைக் கொண்டுவந்து "போட்டுக் கொடுங்க" என்றால், முதலில் லென்ஸ் வைத்துத் தேய்த்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். தேய்த்த தடம் தெரிந்தால் அது வேறு விவகாரம். புது எண் போட்டு மூட முடியாது.