ஆட்டத்தையே முடித்து வைத்த அடிகள்: உங்கள் நினைவில் நிற்பது எது?

இரணைமடுவான் (கிளிநொச்சி) கேட்டது:

கனடாவிலிருந்து வந்து நின்ற என் மைத்துனர், பேஸ்போலில் ஹோம் ரன் (பந்தை வேலிக்கு வெளியே அடித்து எல்லாத் தளங்களையும் சுற்றி ஓடி வரும் அடி) ஒன்றோடு ஆட்டம் முடிவதற்கு நிகரான காட்சி கிரிக்கெட்டில் கிடையவே கிடையாது என்று அடித்துச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவர் காட்டும் சான்று, 1993 ஒக்டோபர் 23ஆம் திகதி ரொறன்ரோ ஸ்கைடோம் அரங்கில் நடைபெற்ற உலகத் தொடரின் (வட அமெரிக்க பேஸ்போலின் இறுதித் தொடர்) ஆறாவது ஆட்டம். ஒன்பதாவது இனிங்ஸில் 5 இற்கு 6 என்று பின்தங்கியிருந்த ரொறன்ரோவின் புளூ ஜேஸ் அணிக்காக ஜோ கார்ட்டர் அடித்த மூன்று ஓட்ட ஹோம் ரன், அந்த ஆட்டத்தை மட்டுமன்றி முழுத் தொடரையும் அதே கணத்தில் முடித்து வைத்தது.

பதிலுக்கு நான் 1986 ஏப்ரல் 18ஆம் திகதி இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிய சார்ஜா இறுதிப் போட்டியைச் சொன்னேன். கடைசி விக்கெட், கடைசிப் பந்து, பாகிஸ்தானுக்குத் தேவை 4 ஓட்டங்கள். சேத்தன் சர்மா வீசிய ஃபுல் டொஸ்ஸை (தரையில் குத்தாமல் நேரே வரும் பந்து) ஜாவிட் மியன்டாட் எல்லைக்கு வெளியே தூக்கி அடித்து 116 ஓட்டங்களுடன் ஆட்டமிழக்காமல் நின்றார். மைத்துனர் அதைக் கேட்டுச் சிரித்தாரே தவிர ஒப்புக்கொள்ளவில்லை.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். ஆட்டத்தை முடித்து வைத்த அடிகளில் உங்கள் மனதில் நிற்பது எது? ஒரேயொரு நிபந்தனை: அந்த அடி விழாதிருந்தால் முடிவு மாறியிருக்க வேண்டும். வெற்றி உறுதியான பிறகு அடிக்கப்பட்ட ஆறு, எவ்வளவு அழகாக இருந்தாலும், இந்தக் கணக்கில் சேராது. நேரில் பார்த்ததாக இருக்க வேண்டும் என்றில்லை. தொண்ணூறுகளில் சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் சுற்றி வானொலி கேட்ட நம்மவர்களிடம் போய் அப்படிக் கேட்பது நியாயமும் அல்ல.

குருமன்காட்டான் (வவுனியா) எழுதியது:

உங்கள் நிபந்தனைக்கு அச்சொட்டாகப் பொருந்துவது 2018 மார்ச் 18 அன்று கொழும்பு பிரேமதாச மைதானத்தில் இந்தியாவும் பங்களாதேஷும் மோதிய சுதந்திரக் கிண்ண இறுதிப் போட்டிதான். அதன் சூட்டைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் இரண்டு நாள் பின்னே போக வேண்டும். மார்ச் 16 அன்று அதே மைதானத்தில், இசுரு உதான வீசிய கடைசி ஓவரில், நோ போல் சர்ச்சைக்கும் வாக்குவாதத்துக்கும் நடுவே மஹ்முதுல்லா ஒரு பந்து மீதமிருக்கையில் ஆறு ஓட்டம் அடித்து இலங்கையை வெளியேற்றினார். பங்களாதேஷ் வீரர்கள் ஆடிய நாக நடனத்தை இலங்கை இரசிகர்கள் இலகுவில் மறக்கவில்லை. அதனால் இறுதிப் போட்டியன்று அரங்கமே இந்தியாவின் பக்கம் நின்றது.

தினேஷ் கார்த்திக் களமிறங்கியபோது 12 பந்துகளில் 34 ஓட்டங்கள் தேவை. ருபெல் ஹொசெய்னின் முதற்பந்தையே ஆறாக்கி, அந்த ஓவரில் மட்டும் 22 ஓட்டங்களை எடுத்தார். கடைசிப் பந்தில் 5 ஓட்டங்கள் தேவைப்பட்டபோது சௌமியா சர்க்காரின் பந்தை எக்ஸ்ட்ரா கவருக்கு மேலாக, அதிகம் உயராமல், ஒரு கோடு போட்டதுபோல் எல்லைக்கு வெளியே அனுப்பினார். 8 பந்துகளில் 29. எங்கள் வீட்டில் டிஷ் இணைப்பு. பக்கத்து வீட்டில் சாதாரண அன்ரனா. பந்துவீச்சாளர் இன்னும் ஓடி வந்துகொண்டிருக்கும்போதே மதிலுக்கு அப்பால் கூச்சல் எழுந்துவிட்டதால், அந்தப் பந்தில் ஏதோ நடக்கப்போகிறது என்பது எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது. அந்த எரிச்சல் இன்றும் தீரவில்லை.

பலர் கவனிக்காத ஒரு விடயமும் உண்டு. அந்த ஓவரின் ஐந்தாவது பந்தில் விஜய் சங்கர் பிடி கொடுத்து ஆட்டமிழந்தார். பந்து காற்றில் இருக்கும்போதே இருவரும் ஒருவரையொருவர் கடந்து விட்டதால்தான் கார்த்திக்குக் கடைசிப் பந்து கிடைத்தது. 2022 ஒக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த விதியின்படி, பிடியால் ஒருவர் ஆட்டமிழந்தால் புதிதாக வருபவரே அடுத்த பந்தை எதிர்கொள்ள வேண்டும். இன்று அதே ஆட்டம் நடந்தால் அந்தப் பந்தைச் சந்தித்திருப்பவர் வொஷிங்டன் சுந்தர்.

முத்தையன்கட்டு விவசாயி எழுதியது:

நான் சொல்லப் போவது எங்களுக்கு எதிராக விழுந்த அடி. 2008 ஏப்ரல் 10, போட் ஒவ் ஸ்பெயின், இலங்கைக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் இடையிலான முதலாவது ஒருநாள் போட்டி. அக்காலத்தில் எங்கள் பக்கம் மின்சாரம் இல்லை, பற்றரியும் கண்ணில் படாத பொருள். ஆட்டம் நம் நேரப்படி நள்ளிரவு தாண்டியே முடிந்தபடியால், மறுநாள் காலை வானொலிச் செய்தியின் கடைசி வரியாகத்தான் முடிவைக் கேட்டேன்: கடைசி இரண்டு பந்துகளில் 10 ஓட்டங்கள் எடுத்து மேற்கிந்தியத் தீவுகள் ஒரு விக்கெட்டால் வெற்றி. பந்துவீசியவர் சமிந்த வாஸ் என்றதும், செய்தி வாசிப்பவர்தான் எதையோ மாற்றி வாசித்துவிட்டார் என்று வாய்க்காலில் தண்ணீர் பார்க்கப் போனவரிடமெல்லாம் வாதாடினேன்.

பல ஆண்டுகள் கழித்துக் கைப்பேசியில் அதைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கறுப்புப் பட்டி ஒட்டிக்கொண்டு, பந்துவீச்சாளரை நெஞ்சால் பார்த்தபடி நிற்கும் சிவ்நரைன் சந்தர்போல் ஐந்தாவது பந்தில் நான்கு அடிக்கிறார். ஆறாவது பந்து தாழ்வான ஃபுல் டொஸ்ஸாக வர, அதை மிட்விக்கெட் பக்கமாக ஆறுக்கு அனுப்புகிறார். 62 ஓட்டங்கள், ஆட்டமிழக்கவில்லை.

இத்தகைய ஆட்டங்களில் அடித்தவரை விட வீசியவரையே நான் அதிகம் நினைக்கிறேன். ஒருநாள் போட்டியில் 19 ஓட்டங்களுக்கு 8 விக்கெட்டுகளை வீழ்த்திய ஒரே பந்துவீச்சாளர் வாஸ். சேத்தன் சர்மாவோ 1987 உலகக் கிண்ணத்தில் ஹட்ரிக் எடுத்தவர். ஆனாலும் சார்ஜாவின் அந்த ஒரு பந்தை வைத்துத்தான் ஊர் அவரைப் பேசுகிறது. இது சரியான கணக்கு அல்ல என்பது என் எண்ணம்.

ஸ்காபரோ மல்லாவியான் எழுதியது:

இரணைமடுவான் அண்ணைக்கு வணக்கம். உங்கள் மைத்துனர் சொன்னதில் பாதியை ஏற்கலாம், மீதியை ஏற்க முடியாது. பேஸ்போலில் இரண்டு விடயங்கள் வேறு. முதலாவது, சொந்த மைதான அணியே ஒவ்வோர் இனிங்ஸிலும் இரண்டாவதாக அடிக்கிறது. ஆகவே ஆட்டத்தை முடித்து வைக்கும் அடி எப்போதும் சொந்த ஊர்ச் சனத்தின் முன்னிலையில்தான் விழும். சந்தர்போலுக்குக் கிடைத்ததுபோன்ற கூட்டம் அங்கே விதியாலேயே உறுதி செய்யப்பட்டிருக்கிறது. இரண்டாவது, அங்கே பந்துகள் தீர்ந்து போவதில்லை. மூன்று பேர் ஆட்டமிழக்கும் வரை எத்தனை பந்து வேண்டுமானாலும் வீசப்படலாம். இனி ஒரே பந்துதான் மிச்சம் என்று எண்ணிப் பார்க்கும் அந்த நெஞ்சிடி அங்கே கிடையாது, அது கிரிக்கெட்டுக்கே உரியது. உண்மையில் பேஸ்போலுக்குக் கிட்டிய ஆட்டம், நாங்கள் பள்ளிக்கூடத்தில் மூங்கில் தடியால் அடித்துத் தரிப்பிடம் தரிப்பிடமாக ஓடிய எல்லே. எனக்கு இங்கே வந்து ஆட்டம் விளங்கியதே அதனால்தான்.

ஜோ கார்ட்டரின் காலத்தில் நான் இங்கே இல்லை. உலகத் தொடர் ஒன்று ஹோம் ரன்னால் முடிந்தது அதற்கு முன்னர் ஒரேயொரு தடவைதான்: 1960இல் பிட்ஸ்பேர்க் அணியின் பில் மசெரோஸ்கி, ஏழாவது ஆட்டத்தின் ஒன்பதாவது இனிங்ஸில், 9 இற்கு 9 என்ற நிலையில் யாங்கீஸ் அணிக்கு எதிராக அடித்தது. களத்தடுப்புக்குப் பெயர் போன அவரை இன்று எவரும் களத்தடுப்புக்காக நினைப்பதில்லை. நான் கண்ணால் கண்டது 2016 ஒக்டோபர் 4 அன்று, ஒரே ஆட்டத்தில் தீர்மானமாகும் சுற்றில், பால்ட்டிமோர் அணிக்கு எதிராகப் பதினோராவது இனிங்ஸில் புளூ ஜேஸ் வீரர் எட்வின் என்கார்னசியோன் அடித்தது. 2 இற்கு 2 என்றிருந்த ஆட்டம் 5 இற்கு 2 என்று முடிந்தது. மட்டையில் பட்ட சத்தத்திலேயே தெரிந்துவிட்டதால் எவரும் பந்தைப் பார்க்கவில்லை, அவரவர் பக்கத்தில் நின்றவரைத்தான் பார்த்தார்கள்.

மாங்குளம் சந்தி எழுதியது:

நிபந்தனையை நான் ஏற்கவில்லை. 2011 ஏப்ரல் 2 உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் டோனி நுவன் குலசேகரவின் பந்தை ஆறுக்கு அடித்தபோது, தேவை 4 ஓட்டங்கள், மிச்சம் 11 பந்துகள். உங்கள் அளவுகோலின்படி அது ஒன்றுமே இல்லை. ஆனால் வன்னியில் எந்த அடி நினைவில் இருக்கிறது என்று சந்தையில் நின்று கேட்டுப் பாருங்கள், பத்தில் எட்டுப் பேர் அதைத்தான் சொல்வார்கள். நாங்கள் மீள்குடியேறிய காணிக்கு அப்போது மின்கம்பம் வரவில்லை. கடைக்காரர் ஒருவர் ஜெனரேட்டர் வைத்துத் தொலைக்காட்சி போட்டார். பெற்றோல் ஊற்றுவதற்காக அதை நிறுத்திய நேரத்தில் 97 ஓட்டங்களில் கம்பீர் ஆட்டமிழந்துவிட, திரும்பப் படம் வந்ததும் அவர் எங்கே போனார் என்று ஆளுக்காள் கேட்டுக்கொண்டிருந்தோம். மஹேல ஜயவர்தனவின் 103 ஓட்டங்கள் வீணாகிப் போனதில் எங்களில் பாதிப் பேருக்கு உண்மையான வருத்தம். மற்றப் பாதி கைதட்டியது. ஒரே பாயில் இருந்துதான்.

இன்னொன்று. அடித்த ஆறே கணக்கில் வராமல் போன ஆட்டமும் இருக்கிறது. 2010 ஓகஸ்ட் 16 அன்று தம்புள்ளையில் இந்தியாவின் வெற்றிக்கு 1 ஓட்டம் தேவை, செவாக் 99 ஓட்டங்களில் நின்றார். சுராஜ் ரன்தீவ் வீசிய பந்தை அவர் ஆறுக்கு அடித்தார், ஆனால் அது நோ போல் என்பதால் அந்த ஒரு மேலதிக ஓட்டத்துடனேயே ஆட்டம் முடிந்து, செவாக் 99இலேயே நின்றார். ரன்தீவுக்கு ஒரு போட்டித் தடை விதிக்கப்பட்டது. பேஸ்போலில் இப்படி நடக்குமா, மல்லாவியான்?

ஸ்காபரோ மல்லாவியான் எழுதியது:

நடந்திருக்கிறது, ஆனால் செய்தவர்கள் எதிரணியினர் அல்லர். 1999 ஒக்டோபர் 17 அன்று நியூயோர்க் மெற்ஸ் அணியும் அட்லாண்டா அணியும் மோதிய ஐந்தாவது ஆட்டம், பதினைந்தாவது இனிங்ஸ், 3 இற்கு 3, மூன்று தளங்களிலும் ஓட்டக்காரர்கள். ரொபின் வென்ச்சுரா வேலிக்கு வெளியே அடித்தார். முறைப்படி அது நான்கு ஓட்டங்கள், ஆட்டம் 7 இற்கு 3. ஆனால் அவர் இரண்டாம் தளத்தை அடைவதற்கு முன்னரே சொந்த அணியினர் ஓடி வந்து அவரைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார்கள். தளங்களைச் சுற்றி முடிக்காதபடியால் மூன்றாம் தளத்திலிருந்து வந்தவரின் ஓட்டம் மட்டுமே ஏற்கப்பட்டு, 4 இற்கு 3 என்றும், வென்ச்சுரா அடித்தது ஒரு தள அடி (முதல் தளம் வரை மட்டுமே போகும் சாதாரண அடி) என்றும் பதிவாகியிருக்கிறது.

இரணைமடுவான் எழுதியது:

மாங்குளம் சந்தி அவர்களே, நிபந்தனையை நான் தளர்த்தப் போவதில்லை. டோனியின் அடியை வேறு திரியில் பேசுவோம். கார்த்திக்கையும் சந்தர்போலையும் மைத்துனருக்கு அனுப்பிவிட்டேன். கார்த்திக்கின் அடி சொந்த மைதானத்தில் விழுந்ததல்லவே என்று அவர் தட்டிக் கழிப்பார் என்பது தெரிந்ததே. ஆகவே சொந்த மண்ணில், சொந்த இரசிகர் முன்னிலையில், கடைசிப் பந்தில் இலங்கை வீரர் ஒருவர் அடித்த ஆறு எவருக்காவது நினைவில் இருந்தால், ஆண்டையும் மைதானத்தையும் குறிப்பிட்டு எழுதுங்கள்.